ஆண்டுச் சந்தா கட்டும் முன் படியுங்கள்: என் 11,800 ரூபாய் போன விதம்

11,800 ரூபாய். சந்தா பத்தாயிரம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இதை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்ட ஒரு தனியார் பிராட்பேண்ட் நிறுவனம், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்று காலை குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியென்றால் வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டு வரும் ஃபைபரில், அதாவது கண்ணாடி இழையில், ஒளியே வரவில்லை என்று பொருள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தவள் நான். வருடக் கணக்கில் கட்டினால் லாபம் என்று விற்பனைப் பையன் வந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "கோளாறு என்றால் அதே லைன்மேன் அண்ணன்தானே வருவார்?" எங்கள் தெருவில் எந்தக் கம்பத்தில் எந்த இணைப்பு என்பது அவருக்கு மனப்பாடம். மழைக்கு முன்பே கம்பத்துப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். "அவர்தான் மேடம், அவர் எங்கே போகப்போகிறார்?" என்று பையன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பணம் கட்டினேன்.

இணைப்பு அறுந்ததும் அண்ணனை அழைத்தேன். "என்னை எடுத்துவிட்டார்களே அம்மா" என்றார். நான் பணம் கட்டுவதற்கு முந்தைய மாதமே! விற்க வந்தவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது அவருடைய பகுதியையும் பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்து ஒரே தம்பியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஃபைபரை ஒட்டும் இயந்திரம்கூட அவனிடம் இல்லை. ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்கி வர வேண்டுமாம். படிக்கட்டில் நின்றபடியே, "ஓடிபி மட்டும் சொல்லிவிடுங்கள் மேடம், புகாரை இன்று மூடாவிட்டால் என் காசில் பிடித்துவிடுவார்கள். நாளை வந்து பார்க்கிறேன்" என்றான். நான் சொல்லவில்லை. ஓடிபி இல்லாமலேயே புகார் மூடப்பட்டுவிட்டது. அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவனை இப்படி நிறுத்தி வைத்தவர்கள் மீதுதான்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் முதலில் இயந்திரக் குரல், பிறகு பாட்டு, பிறகு "72 மணி நேரத்தில் சரியாகிவிடும்". மறுபடி அழைத்தால் மறுபடி அதே 72 மணி நேரம். கிளை அலுவலகத்தில் புகார் மேசையையே காணோம். புதிய இணைப்பு விற்பவர் மட்டும் இருக்கிறார். 11,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஆண்டுச் சந்தா திரும்பாது, விதிமுறையில் இருக்கிறது" என்று நிமிராமலே பதில் சொன்னார். பழுது பார்க்கிறவர்களை அனுப்பிவிட்டு, விற்கிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டால் வேறென்ன நடக்கும்?

தொலைத்தொடர்பில் ஆட்குறைப்பு புதிதல்ல. பொதுத்துறையான பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் 78,000க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். அவர்களுக்காவது கருணைத்தொகை என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தத்தில் இருந்த எங்கள் அண்ணனுக்குக் கிடைத்தது "நாளை முதல் வர வேண்டாம்" என்ற ஒரு தொலைபேசி அழைப்பு.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், அதற்குப் பொறுமை இல்லை. மாதச் சந்தாவை விட்டு நகராதீர்கள். விளக்கு பச்சையாகும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். அது இல்லாமல் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம். தொலைத்தொடர்பு வழக்குகளை அங்கே விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மேல்முறையீடு அனுப்பிவிட்டேன். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. 11,800 ரூபாய் வராவிட்டால் அடுத்தது வழக்குதான்.