மாஸ்க்கா, ஊசியா, ரெண்டும் கலந்ததா?

மும்பையில் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. தாராவியிலிருந்து வருகிறவர்கள் நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் ஓரமாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்: "டாக்டரம்மா, ரெண்டு மருந்தைக் கலந்து போடுவீங்களாமே, சின்னப் புள்ள தாங்குமா?"

தாங்கும். கலந்தால் ஒவ்வொன்றையும் குறைவாகப் போட்டாலே போதும். நரம்பில் ஏற்றும் மயக்க மருந்தான புரோப்போஃபால் பார்க்கப் பால் மாதிரி இருக்கும். சட்டென்று தூக்கம், விழித்தபின் குமட்டலும் குறைவு. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு அடங்கும், நரம்பில் ஏறும்போது எரியும். அரைத்தூக்கத்திலும் குழந்தை கையை வெடுக்கென்று இழுக்கும். இன்னொரு மயக்க மருந்தான கீட்டமின் இதற்கு நேரெதிர். ரத்த அழுத்தத்தை இறங்க விடாது, பெரும்பாலும் மூச்சை விட்டுவைக்கும், வலியையும் அடக்கும். ஆனால் எச்சில் ஊறும், வாந்தி வரும், சில பிள்ளைகள் எழும்போது பேயைக் கண்டதுபோல் மிரளும்.

ஆகவே முதலில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் அளவில் கீட்டமின், பின்னால் புரோப்போஃபால். எரிச்சல் குறைகிறது, வாந்தியும் அவ்வளவாக இல்லை. கீட்டமினுக்குப் பதில் ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்ப்பவர்களும் உண்டு. விழிக்கும்போது குழந்தை அமைதியாக இருக்கும், சரி. ஆனால் மூச்சை ஃபென்டனில், புரோப்போஃபால் இரண்டுமே அடக்கும். சின்னச் சின்ன ஆபரேஷனுக்கு என் ஓட்டு கீட்டமினுக்குத்தான்.

இதற்கெல்லாம் முதலில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய், போட வேண்டுமே! மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவினால் பாதிச் சண்டை இல்லை. வார்டில் அதைத்தான் மறப்பார்கள்.

ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கு, மூச்சில் இழுக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேன் மாஸ்க்கில். ஹெர்னியாவுக்கு வந்த ஐந்து வயதுப் பையனிடம், மாஸ்க்கோடு சேர்ந்த ரப்பர் பையைக் காட்டி, "பலூன் ஊது பார்ப்போம்" என்றேன். இரண்டு முறை ஊதிவிட்டு, "ஆன்ட்டி, இதுல ஓட்டை இருக்கு" என்றான். கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. வென்ஃப்ளானை அப்புறம்தான் போட்டேன். விழித்தபோதுதான் பாடு: அம்மாவையே அடையாளம் தெரியாமல் உதைத்தான். செவோஃப்ளூரேனின் வாடிக்கையான குணம் அது. முடிக்கும்போது கொஞ்சம் புரோப்போஃபால் கொடுத்தால் இந்த ஆட்டம் குறையும்.

எது போட்டாலும் வயிறு காலியாக இருக்க வேண்டும். திட உணவை 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பாலை 4, தண்ணீரை 2. போன மாதம் எல்லாம் தயார். கடைசி நேரத்தில் பாட்டி மெதுவாக, "பசியில அழுதான்னு ஒரே ஒரு பிஸ்கட் குடுத்தேன்" என்றார். ஆபரேஷன் மதியத்துக்குப் போனது.