பற்று, தைலம், ஆவி: எந்தத் தலைவலிக்கு எது கேட்கும்?

ஒரே சுக்குப் பற்று ஒருவருக்கு அரை மணியில் வலியை இறக்கிவிடும். இன்னொருவரைக் குமட்ட வைக்கும். முதல் ஆளுக்கு இருப்பது நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டியது போன்ற இறுக்கம். இரண்டாம் ஆளுக்கு ஒற்றைத் தலைவலி: பெரும்பாலும் ஒரு பக்கமாக விண் விண்ணென்று தெறிக்கும், வெளிச்சமும் வாசனையும் ஆகாது, படி ஏறினால் கூடும். வருடக்கணக்கில் கைமருந்து போட்டுப் பார்த்தவர்களுக்கு முதலில் பிடிபடுவது இந்த வேறுபாடுதான். எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் எதைப் போட்டாலும் பாதி நாள் வீண்.

இறுக்கத் தலைவலிக்குச் சுக்குப் பற்று நன்றாகவே கேட்கும். பொடி வேண்டாம், முழுச் சுக்காக வாங்குங்கள். பழைய பொடியில் காரம் போயிருக்கும், நார் வேறு உறுத்தும். மேல் தோலைச் சுரண்டிவிட்டு, சந்தனக் கல்லில் சில சொட்டு வெந்நீர் விட்டு இழைக்க வேண்டும். அரை டீஸ்பூன் விழுது ஒரு நெற்றிக்குத் தாராளம். இரும்புக் கரண்டியில் லேசாகச் சூடு காட்டி, புருவத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி நெற்றிப்பொட்டு வரை மெல்லிசாகப் பூசுங்கள். இஞ்சி காயும்போது அதன் காரப்பொருள் இன்னும் உறைப்பான ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. பச்சை இஞ்சியை அரைத்துப் போட்டால் அந்தச் சுறுசுறுப்பு வராததற்கு அதுதான் காரணம்.

கெடுவது எங்கே என்றால், காயவிடுவதில். ஃபேனுக்கு அடியில் படுத்தால் பற்று சீக்கிரம் காய்ந்து தோலை இழுக்கும், அந்த இழுப்பே புது வலியாகும். ஓரம் வெளுக்கத் தொடங்கியதும், சுமார் 15 நிமிடத்தில், வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். உரிக்கக் கூடாது. வேகமாகக் கேட்கட்டும் என்று சுண்ணாம்பையும் கற்பூரத்தையும் குழைத்துப் போடுகிறவர்கள் உண்டு. மறுநாள் நெற்றி வெந்து கறுத்திருக்கும். சித்த மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையும் இதே வேலைக்குத்தான். வெந்நீரில் உரைத்து நெற்றியில் போடுவது அது, விழுங்குவதற்கல்ல.

புதினா எண்ணெய்க்குச் சோதனைப் பலமே உண்டு. ஜெர்மனியின் கீல் நகரில் செய்து 1996-இல் வெளியான ஆய்வில், 10 சதவீதப் புதினா எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து நெற்றியிலும் பொட்டிலும் தடவியது, இறுக்கத் தலைவலியில் 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஈடாக நின்றது. தடவியது ஒரு முறை அல்ல. 15 நிமிட இடைவெளியில் மூன்று முறை. நம் ஆட்கள் ஒரு தடவை தேய்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று மாத்திரையைத் தேடுவார்கள். வீட்டில் கலப்பதானால் 9 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 1 மில்லி, அதாவது ஏறக்குறைய 20 சொட்டு. சமையல் புதினாவைக் கசக்கித் தடவுவது இதற்கு மாற்றாகாது, அதில் குளிர்ச்சி தரும் மெந்தால் மிகக் குறைவு. கைக்குழந்தைகளின் முகத்தருகே மெந்தாலோ கற்பூரமோ கொண்டுபோகவே கூடாது, மூச்சு திணறும்.

கடைத் தைலங்களில் பலவற்றில் மெந்தால், கற்பூரத்தோடு மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கும். தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் புண்ணாகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி தேய்த்தால் ரத்தம் உறைவது மேலும் குறையும். ஒற்றைத் தலைவலிக்காரருக்குத் தைல வாசனையே எதிரி. அவருக்கு இருட்டறை, பிடரியில் துணி சுற்றிய ஐஸ், வலி தொடங்கும்போதே ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்போடு வரும் முகக்கனத்துக்கு மட்டும். 2 லிட்டர் நீரில் இரண்டு கைப்பிடி நொச்சி இலை போட்டு, மூடி வைத்தே கொதிக்க விடுங்கள். திறந்து கொதித்தால் வாசனை எண்ணெய் சமையலறையோடு போய்விடும். பாத்திரத்தைத் தரையில் உறுதியாக வைத்து, 5 நிமிடம் போதும். தண்ணீரில் தைலம் போட்டால் கண் எரியும். ஆனால் "எனக்குச் சைனஸ்" என்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது வேறு. அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஆய்வில், சைனஸ் தலைவலி என்று தாமே சொன்ன அல்லது மருத்துவர் சொன்ன 2,991 பேரில் 88 சதவீதத்தினருக்கு ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகளே இருந்தன. அவர்கள் போர்வைக்குள் வியர்த்து ஆவி பிடித்தால் தெறிப்பு ஏறத்தான் செய்யும்.

இடி விழுந்த மாதிரி சட்டென்று வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, கர்ப்ப காலத்தில் கண் மங்கலோடு வருவது: இவற்றுக்குப் பற்றும் இல்லை, ஆவியும் இல்லை, நேரே மருத்துவமனை.

மாதம் பல முறை ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்குத் தடுப்பாக ரிபோஃபிளேவின் (வைட்டமின் பி2) தினம் 400 மில்லிகிராம் பயன்படும். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்; சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம். சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் இந்த அளவின் சிறு பங்குதான் இருக்கும். மக்னீசியமும் உதவும், வயிறு இளகினால் அளவைக் குறைக்க வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதே தடுப்புக்காகப் பட்டர்பர் என்ற மூலிகையைச் சிலர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். கல்லீரலைக் கெடுக்கும் அபாயத்தால் அமெரிக்க நரம்பியல் அகாடமி 2015-இல் தன் பரிந்துரையையே விலக்கிக்கொண்டது.

காபி இரண்டு பக்கமும் வெட்டும். தினம் மூன்று டம்ளர் குடிப்பவர் விரத நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலை கனக்கும். அதற்குப் பட்டினியையே பழி சொல்வார்கள். குறைப்பதானால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறையுங்கள். வலி மாத்திரையும் அப்படித்தான்: சாதாரண மாத்திரை மாதத்தில் 15 நாள், காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். அந்தக் கட்டத்தில் எந்தச் சுக்கும் எடுபடாது, முதலில் மாத்திரையை மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.