நாலு வருஷமா, அஞ்சு வருஷமா, பதிவில் இருக்கும் மட்டுமா?

மருமகன் கம்பஸுக்குப் போய் ஒன்பது மாதம். கரப்பந்து டீமுக்குத் தெரிவானான், பயிற்சிக்கு ஒரு நாளும் தவறவில்லை, ஆனால் இன்னும் ஒரு செட் கூட ஆடவில்லை. போன ஞாயிறு கல்லடிக்கு வந்தவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, படிப்பு முடிஞ்ச அண்ணாமார் திருப்பி எழுத வேண்டிய ரிப்பீட் பேப்பரை வச்சுக்கொண்டு டீமில நிக்கிறாங்க. நாங்க எப்ப விளையாடுற?"

நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால் மற்ற இடங்களில் இதற்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். எனக்கிருந்த அளவுகோல் ஒன்றுதான். அந்த விதி வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வந்தால் யார் கோர்ட்டில் நிற்பார், யார் வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்பார்?

அமெரிக்காவிலிருந்து தொடங்குவது நமக்குப் பொருத்தம். மட்டக்களப்பின் வெபர் மைதானம் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபரின் பெயரைத்தான் சுமக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தை வளர்த்தவர்களும் அவரைப் போன்ற அமெரிக்கத் துறவிகள்தான். விளையாட்டைத் தந்தவர்கள், கல்லூரி வீரனுக்கான விதிப் புத்தகத்தை மட்டும் கப்பலில் ஏற்றவில்லை.

அந்தப் புத்தகத்தில் இருந்தது இது: கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏயின் முதற்பிரிவில், ஒருவர் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம். மிஞ்சும் ஓராண்டை டீமோடு பயிற்சி மட்டும் எடுத்துக் கழிக்கலாம், அதை ரெட்ஷர்ட் என்பார்கள். ஒருவர் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. இராணுவ சேவைக்கும் சமய ஊழியத்துக்கும் விலக்கு உண்டு. கருவுற்ற வீராங்கனைக்கு ஓராண்டு கூட்டித் தரலாம். கடைசி விதியை நான் இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் மூன்றாம் வருஷத்தில் கல்யாணமாகி, நான்காம் வருஷத்தில் பிள்ளையோடு சோதனை எழுதிய பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் நல்ல ஓட்டக்காரிகளும் இருந்தார்கள். திரும்பி வந்து ஓடலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

இவ்வளவு ஒழுங்கான விதியும் அங்கே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. கோவிட் வந்த 2020-21 பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். அதோடு காயங்களுக்கான விலக்கும் சேர்ந்ததில் கேம் மெக்கார்மிக் என்ற வீரர் 2024இல் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்போலில் தன் ஒன்பதாம் ஆண்டை ஆடினார். டியேகோ பாவியா என்ற இன்னொரு ஃபுட்போல் வீரர் வேறு வழியில் போனார். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடிய காலத்தை என் கணக்கில் ஏன் எழுதுகிறீர்கள் என்று வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்தது, அடுத்த ஆண்டும் அவர் களத்தில் நின்றார். அங்கே இது காசுப் பிரச்சினையும்கூட. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டொலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம். ஒரு சீசன் குறைந்தால் சம்பளமும் குறைகிறது என்றால் யார்தான் வழக்குக்குப் போகமாட்டார்?

எங்களுக்கு அந்தச் சண்டை இல்லை. எங்கள் சண்டை ஒரு ஜெர்சிக்கும், கொழும்புக்குப் போகும் ஒரு பஸ் சீட்டுக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கிற ஒரு சான்றிதழுக்கும்தான். ஆனால் கரப்பந்து கோர்ட்டில் ஒரு பக்கம் ஆறு பேருக்குத்தான் இடம், அது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

சரி, அந்தக் கடிகாரத்தை இங்கே மாட்டினால்? கெடும். 2024இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்தில் அரச பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தன. எங்கள் காலத்தில் போரும் மூடலும் சேர்ந்து என் நாலு வருஷப் பட்டத்தை ஆறரை வருஷமாக இழுத்தன. ஐந்தாண்டுக் கடிகாரம் இருந்திருந்தால், நான் மூன்றாம் வருஷப் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போதே விளையாட்டில் 'முன்னாள் வீரர்' ஆகியிருப்பேன். கேட் பூட்டியிருந்த மாதங்களையும் மாணவன் தலையில் எழுதுகிற விதி இது.

அங்கே பலர் கேட்டு வந்தது இன்னும் எளிமையானது: ஐந்து ஆண்டு, ஐந்து சீசன், ரெட்ஷர்ட் வேண்டாம். கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டிலும் ஐந்து சீசன்தான் கணக்கு. எனக்கு இதில் பிடித்தது எளிமை. ஆனால் கடிகாரம் பற்றிய என் குறை இதிலும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது வயது வரம்பு. உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் முன்பு 28 வயது வரை விட்டார்கள், பிறகு 25க்குக் குறைத்தார்கள். நம் பாடசாலைகளில் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவோடு கதை முடிகிறது, அது நியாயம். வயது வரம்புக்காரர்கள் எடுத்துக் காட்டுவது கிறிஸ் வெய்ன்கேயை. சில ஆண்டு தொழில்முறை பேஸ்போல் ஆடிவிட்டுக் கல்லூரிக்கு வந்து, 2000ஆம் ஆண்டில் 28 வயதில், சிறந்த கல்லூரி ஃபுட்போல் வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கியவர். எதிரே நின்றவர்களில் பலர் இருபது வயதுப் பொடியன்கள். கேட்க அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே பல்கலைக்கழகத்துக்குள் நுழைய எழுதும் உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம். 2021ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை நடந்ததே 2022 பெப்ரவரியில். மூன்றாந்தரம் எழுதி உள்ளே வருகிறவனுக்குச் சேரும்போதே 22, 23 ஆகிவிடும். 25 என்று கோடு போட்டால் அவனுக்குக் கிடைப்பது இரண்டு சீசன், முதல் தரத்திலேயே வந்தவனுக்கு நாலு. வசதியான டியூஷனுக்கும் ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கும் இடையிலுள்ள தூரத்தை மைதானத்திலும் அளக்கிற விதி இது. எனக்கு வேண்டாம்.

அப்புறம், மருமகன் புலம்புகிற விதி: மாணவனாகப் பதிவில் இருக்கும் மட்டும் ஆடலாம். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் இதுதான் வழக்கம், முதுகலை மாணவர்களும் ஆடுவார்கள். இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ஒக்ஸ்ஃபோர்ட் - கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியைப் பாருங்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜேம்ஸ் கிராக்னெல், 2019இல் 46 வயதில் கேம்பிரிட்ஜ் மாணவராகத் துடுப்புப் போட்டார். கேம்பிரிட்ஜ் வென்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, முதற்பட்டத்தைத் தொடங்கி 12 ஆண்டு தாண்டியவர் போட்டியில் இறங்கக்கூடாது என்று விதி வந்தது. தாராளமான வழக்கத்துக்கும் கடைசியில் ஒரு கயிறு தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊரில் கிராக்னெல் வரப்போவதில்லை. வருவது ஒரு ரிப்பீட் பேப்பரோடு ஹொஸ்டல் நண்பனின் கட்டிலில் ஒட்டிக்கொண்டு, மாலையில் மட்டும் கோர்ட்டுக்கு வருகிற அண்ணன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அப்படியொரு அண்ணன்தான் எனக்கு சர்வீஸ் போடக் கற்றுத்தந்தார். அதே அண்ணன் நின்றதால்தான் என் இரண்டாம் வருஷம் முழுக்க வெளியே போனது. இரண்டும் உண்மை.

கடைசியாக, நான் தேடாமலே கண்ணில் பட்ட விதி. அதே என்சிஏஏயின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் நாட்காட்டி ஆண்டு கணக்கில்லை, பதிவுசெய்து படித்த செமஸ்டர்தான் கணக்கு. பத்து செமஸ்டர், அதற்குள் நான்கு சீசன். இடையில் படிப்பை நிறுத்தினால் கணக்கும் நிற்கும். காசு குறைந்த, தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத கல்லூரிகளின் விதி. நம்முடைய நிலைக்கு இதுதான் கிட்ட வருகிறது.

நம் பல்கலைக்கழக விளையாட்டு விழா மூன்றாண்டுக்கு ஒருமுறை நடப்பது என்பதால் பத்து செமஸ்டருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நாலு வருஷம் மட்டும் ஆடலாம் என்றால், விழா நடக்கும் ஆண்டில் சேர்ந்த பெட்சுக்கு இரண்டு விழா கிடைக்கும். அதற்கடுத்த இரண்டு பெட்சுக்கும் ஒவ்வொன்றுதான். ஐந்து வருஷம் என்றால் மூன்றில் இரண்டு பெட்சுக்கு இரண்டு விழா. பிறந்த தேதியும் பெட்சும் யார் கையிலும் இல்லை, அந்த அதிர்ஷ்டக் கணக்கைக் கொஞ்சமாவது சமப்படுத்துவது ஐந்துதான்.

ஆகவே என் கட்சி இது: பாடம் நடந்த செமஸ்டரை மட்டும் எண்ணுங்கள், பத்தோடு முடியுங்கள். வேலைநிறுத்தத்தில் பூட்டிய காலம் கணக்கில் வேண்டாம். ரிப்பீட்டுக்காக மட்டும் பதிவில் இருந்தால் அது செமஸ்டராகவே எண்ணப்படட்டும். பிள்ளைப்பேறுக்கு ஓராண்டு சும்மா விடுங்கள். ஆனால் அமெரிக்காவின் நான்கு சீசன் வெட்டு நமக்கு வேண்டாம். வருஷத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவு ஆட்டம் கிடைக்கிற இடத்தில் யார் எந்த சீசனை 'வீணாக்கினார்' என்று கணக்கெழுதவே ஓர் எழுதுவினைஞர் தேவைப்படுவார்.

இதையெல்லாம் மருமகனுக்கு ஃபோனில் சொன்னேன். அமெரிக்காவில் 1972க்கு முன் முதல் வருஷக்காரர்களை ஃபுட்போலிலும் கூடைப்பந்திலும் பிரதான டீமில் ஆடவே விடவில்லை என்றும் ஆறுதலுக்குச் சேர்த்துச் சொன்னேன். அதை அவன் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த அண்ணனின் செமஸ்டர்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"மாமா, நீங்க சொல்ற கணக்கில பூட்டியிருந்த மாசத்தைக் கழிச்சா, அவருக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கே."