கோழி எருவுக்குத் தவறான குருணை இயந்திரத்தை விற்று ரூ.6,40,000 பறித்துவிட்டார்கள்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை எருவை மக்கவைத்துக் குருணை உரமாக விற்கத் தொடங்கிய நான், இயந்திர விற்பனையாளர்களை அறிமுகப்படுத்தும் ஓர் இணையச் சந்தையை நம்பி ரூ.6,40,000 இழந்து நிற்கிறேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. எருக் குவியலைப் படமெடுத்து அனுப்பச் சொன்ன விற்பனையாளர், அரை மணி நேரத்தில் தாமே அழைத்து, ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டார். முப்பது சதவீதம் இருக்கும் என்றேன். “அதெல்லாம் பிரச்சினையே இல்லை அண்ணா, இரட்டை உருளை இயந்திரம் போதும், காயவைக்கும் செலவே கிடையாது” என்றார். ஈரப்பதத்தைக் கேட்கத் தெரிந்தவர் தொழில் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று நினைத்து அன்றிரவே பாதிப் பணத்தையும், லாரியில் ஏற்றும் முன் மீதியையும் அனுப்பிவிட்டேன்.

ஓட்டிய பத்தாவது நிமிடத்தில் உருளைக் குழிகள் முழுவதும் எரு அப்பிக்கொண்டது. அந்த இயந்திரம் அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் போன்ற உலர்ந்த உப்புத் தூளை அழுத்திக் கட்டியாக்குவதற்கானது என்றும், பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரத்தை அது தாங்காது என்றும், நாரும் ஈரமும் உள்ள எருவுக்குச் சாய்ந்த தட்டில் தண்ணீர் தெளித்து உருட்டும் இயந்திரமோ, அச்சின் துளைகள் வழியே பிதுக்கும் பெல்லட் இயந்திரமோதான் பொருந்தும் என்றும், அவற்றில் வரும் குருணையையும் பிறகு உலர்த்தியே ஆக வேண்டும் என்றும் பணம் போன பிறகுதான் அறிந்தேன். அவர் முதலில் அனுப்பிய காணொளியை இப்போது பார்த்தால், உருளையிலிருந்து விழுவது வெள்ளை உப்பு. அதில் எருவே இல்லை.

புகார் சொன்னபோது முதலில் எருவில் மணல் இருக்கிறது என்றார். அடுத்த வாரம் உலர்த்தும் இயந்திரம் ஒன்றையும் தம்மிடமே வாங்கச் சொன்னார். ஆள் வருவார், ஆள் வருவார் என்று பதினெட்டு நாள் இழுத்தடித்தவர் இப்போது அழைப்பை எடுப்பதே இல்லை. இணையச் சந்தையோ, நாங்கள் அறிமுகம் செய்பவர்கள் மட்டுமே என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ரூ.6,40,000, அதில் பாதி என் மனைவியின் நகைக் கடன்.

எந்த உரத்துக்கு எந்த இயந்திரம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. உங்கள் எருவில் இரண்டு மூட்டை எடுத்துச் சென்று, உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். காணொளியை நம்பாதீர்கள். எந்த உரத்துக்கு, எவ்வளவு ஈரத்துக்கு என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் “குருணை இயந்திரம் - 1” என்று மட்டுமே இருக்கிறது.