டிஸ்ட்ரோ மாறும்போது மென்பொருளை எதில் கட்டி எடுத்துப்போவது?

என் லேப்டாப்பில் இப்போது மூன்று லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள்) இருக்கின்றன. அன்றாடத்துக்கு ஃபெடோரா, ஆட்டம் காணவே கூடாத வேலைக்கு டெபியன் 12, வீட்டில் மற்றவர்கள் உட்கார்ந்தால் மிரளாமல் இருக்க மின்ட். சிஸ்டம் உட்காரும் ரூட் பார்ட்டிஷன் ஒவ்வொன்றுக்கும் 30 ஜிபி, என் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் மட்டும் மூன்றுக்கும் பொது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே லிப்ரே ஆபீஸை மூன்று தடவை இறக்கி, மூன்று தடவை அப்டேட் செய்து, கடைசியில் மூன்றிலும் மூன்று பதிப்பு நிற்கிறது என்றால் எதற்கு இந்தப் பாடு? ஒரு தடவை நிறுவி எல்லாவற்றிலும் ஓட்ட என்ன வழி என்று இருப்பதையெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, ‘உபுண்டுவும் டெபியனும் ஒரே குடும்பம், இரண்டிலும் மென்பொருள் வருவது டெப் கோப்பாக, அங்கிருந்து எடுத்து இங்கே போட்டால் என்ன?’ பங்காளிகள்தான், ஆனால் சமையல் தனித்தனி. ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி ஜிலிப்சி. உபுண்டு 24.04-ல் இருப்பது 2.39, டெபியன் 12-ல் 2.36. புதியதில் கம்பைல் ஆனதைப் பழையதில் ஓட்டினால் ‘ஜிலிப்சி 2.38 காணோம்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். பழையதில் கட்டியது புதியதில் பெரும்பாலும் ஓடும், தலைகீழாக நடக்காது. போதாததற்கு, 2038-ல் 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழியும் சிக்கலைச் சரிசெய்யப் போய், நிறைய லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் ‘டி64’ என்று வால் சேர்த்துவிட்டார்கள். 24.04-க்குக் கட்டிய டெப் கோப்பு ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ எங்கே என்று கேட்கும். டெபியன் 12-ல் இருப்பதோ வெறும் ‘லிப்எஸ்எஸ்எல்3’. நம் 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் இரண்டும் ஒரே ஆள்தான், பெயர்தான் வேறு. ஆனால் மென்பொருளை நிறுவித் தரும் பொதி மேலாளருக்குப் பெயர்தானே எல்லாம்.

இதற்கு அடங்காமல் நான் பொதிகள் இறங்கும் உபுண்டுவின் களஞ்சியத்தையே டெபியனின் சோர்ஸ் பட்டியலில் சேர்த்தேன். ஒரு பொதி கேட்டதற்கு, திரை நிறைய ஒரு பட்டியலைக் காட்டி ‘இதையெல்லாம் நீக்கட்டுமா’ என்றது டெபியனின் பொதி மேலாளர் ஆப்ட். ராத்திரி பதினோரு மணி, படிக்காமல் ‘ஒய்’ தட்டினேன். காலையில் டெஸ்க்டாப் இல்லை, கறுப்புத் திரையில் லாகின் கேட்டுக்கொண்டிருந்தது. முழுக்க என் தப்பு. இப்படிக் கலப்பதற்கு ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று டெபியன்காரர்கள் பெயரே வைத்து எச்சரித்திருக்கிறார்கள். மின்ட் மட்டும் விதிவிலக்கு: மின்ட் 22 உபுண்டு 24.04-ன் களஞ்சியத்தையே பயன்படுத்துவதால் அங்கே அந்த டெப் சும்மா ஓடும்.

ஏலியன் என்று ஒரு கருவி உண்டு, ஆர்பிஎம்மை (ஃபெடோராவின் பொதி வடிவம்) டெப் ஆக்கும், டெப்பை ஆர்பிஎம் ஆக்கும். எழுத்துரு மாதிரி வெறும் கோப்புகள் என்றால் சரி. மற்றபடி அது மாற்றுவது டப்பாவைத்தான், உள்ளே இருக்கும் நிரல் அதே பழைய லைப்ரரிகளைத்தான் தேடும். விட்டுவிடலாம்.

எனக்கு நிஜமாக உதவியது ஃபிளாட்பேக், டிஸ்ட்ரோ எதுவானாலும் ஓடும்படி செயலியைக் கட்டித் தரும் முறை. அதிலும் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சும்மா நிறுவினால் அது அந்தந்த டிஸ்ட்ரோவின் ரூட்டுக்குள் போய்விடும், அடுத்த டிஸ்ட்ரோவுக்குத் தெரியாது. ‘யூசர்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்து, அதன் செயலிக் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பையும் அதே ஆப்ஷனோடு இணைத்தால், எல்லாம் ஹோமுக்குள் ஒளிந்திருக்கும் ‘லோக்கல்’ அடைவில் உட்காரும். அப்புறம் மூன்று டிஸ்ட்ரோவிலும் ஃபிளாட்பேக் என்ற கருவியை மட்டும் போட்டு லாகின் செய்தால், மெனுவில் ஒரே ஜிம்ப், ஒரே லிப்ரே ஆபீஸ், ஒரே பதிப்பு. மூன்றிலும் பயனர் எண் ஒன்றாக இருக்க வேண்டும்; நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனருக்கு மூன்றுமே 1000 தருவதால் எனக்குத் தொல்லை வரவில்லை.

பெரிய நிம்மதி ஃபயர்ஃபாக்ஸ். டெபியனில் இருப்பது இஎஸ்ஆர் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு), ஃபெடோராவில் இருப்பது ஆகப் புதியது. ஹோம் பொது என்றால் புரொஃபைல் (புக்மார்க், அமைப்புகள் எல்லாம் இருக்கும் அடைவு) ஒரே இடத்தில் இருக்கும், புதிய பதிப்பு தொட்டதைப் பழைய பதிப்பு திறக்காது. பதிப்பு 67-லிருந்து இந்தக் காவல் இருக்கிறது, தகவல் கெடக்கூடாது என்பதற்காக. ஃபிளாட்பேக்கில் ஒரே ஃபயர்ஃபாக்ஸ் என்றானதும் அந்தச் சண்டையே இல்லை.

குறையும் உண்டு. முதல் செயலி நிறுவும்போது ரன்டைம் என்று, செயலிகளுக்குப் பொதுவான லைப்ரரித் தொகுப்பு சில நூறு எம்பி கூடவே இறங்கும் (இரண்டாவது செயலி அதையே பகிர்ந்துகொள்ளும் என்பதால் போகப்போக வலிக்காது). ஃபிளாட்பேக் செயலிகளைச் சுற்றி சாண்ட்பாக்ஸ் என்ற வேலி உண்டு, அதற்குள் இருக்கும் கோட் எடிட்டருக்கு வெளியே நான் போட்டிருக்கும் கம்பைலர் கண்ணுக்குத் தெரியாது. டெர்மினல் வேலைக்கு இது ஆகாது.

ஆப்இமேஜ் இதைவிட எளிது: ஒரே கோப்பு, இயக்க அனுமதி கொடுத்து டபுள் கிளிக். நெட் இல்லாத நண்பருக்குப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பல கோப்புகள் பழைய ஃபியூஸ் 2 லைப்ரரியைக் கேட்கும், 22.04-லிருந்து உபுண்டு அதைத் தானாகத் தருவதில்லை. பெரும்பாலானவற்றில் அப்டேட்டும் நம் தலையில்தான். நான் வருடத்துக்கு இரண்டு தடவை தொடும் செயலிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

உபுண்டுவின் சொந்தப் பொதி முறையான ஸ்னாப்? உபுண்டுவை விட்டு நகராதவருக்குச் சரி. ஸ்டோர் உபுண்டுவை உருவாக்கும் கனானிக்கலுடையது ஒன்றுதான், செயலிகளை முழுக்கக் கட்டுப்படுத்த ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும், ஃபெடோராவில் இருப்பதோ எஸ்இலினக்ஸ். மின்ட் 2020-லேயே ஸ்னாப் தானாக நுழையாதபடி பூட்டு போட்டுவிட்டது. டிஸ்ட்ரோ தாவுகிறவர் இதை நம்பிப் பெட்டி கட்ட முடியாது.

டெர்மினல் வேலைக்கு டிஸ்ட்ரோபாக்ஸ். பாட்மேன் அல்லது டாக்கர் என்ற கன்டெய்னர் (தனிப் பெட்டி) கருவியின் மேல் உட்கார்ந்து, ஃபெடோராவுக்குள்ளேயே ஒரு முழு உபுண்டு 24.04-ஐத் திறந்து தருகிறது, ஹோம் அதேதான். நெட்வொர்க் பயிற்சிக்கான ஒரு சிமுலேட்டர் எனக்கு வேண்டும், டெப் கோப்பாக மட்டும்தான் தருகிறார்கள். உபுண்டு பெட்டிக்குள் அதை நிறுவி, எக்ஸ்போர்ட் கட்டளை ஒன்று கொடுத்தால் ஃபெடோரா மெனுவில் வந்துவிடும், விருந்தாளி என்றே தெரியாது. பெட்டிகளை ஒவ்வொரு டிஸ்ட்ரோவிலும் புதிதாக எழுப்ப, என்னென்ன வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதி ‘அசெம்பிள்’ என்று சொன்னால் போதும். ஹோம் பொது என்பதால் உள்ளே ஓடும் நிரல்களின் அமைப்புக் கோப்புகள் வெளியே இருப்பதோடு மோதலாம். தொல்லை வந்தால் பெட்டிக்குத் தனி ஹோம் கொடுத்துவிடுங்கள்.

நிக்ஸ் என்ற பொதி மேலாளர் கொள்கையளவில் எல்லாவற்றையும்விடச் சுத்தம். ஜிலிப்சி முதற்கொண்டு தன்னுடையதையே கொண்டுவரும், ஒரு லட்சத்துக்கும் மேல் பொதிகள். ஆனால் அதன் மொழியைப் படிக்க வேண்டும், கிராபிக்ஸ் கார்டைத் தொடும் செயலிகள் மற்ற டிஸ்ட்ரோக்களில் முரண்டு பிடிக்கும். இரண்டு வார இறுதி செலவழித்துவிட்டு மூடி வைத்தேன்.

எதிலும் அடங்காத ஒன்று தமிழ்99. விசைப்பலகை டெஸ்க்டாப்போடு ஒட்டியது, அதை அந்தந்த டிஸ்ட்ரோவிலேயே போட வேண்டும். அதற்காக ஹோமில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைத்திருக்கிறேன்: தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ்-எம்17என் மூன்றிலும் அதே பெயர், லோஹித் எழுத்துருவோ டெபியனிலும் மின்ட்டிலும் ‘ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’, ஃபெடோராவில் ‘லோஹித்-தமிழ்-ஃபான்ட்ஸ்’. அடுத்து ஆர்ச் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை. அந்த வரி இன்னும் காலியாக இருக்கிறது.