ஒரு பை வெள்ளைச் சிலேட்டு: நாலாம் வகுப்பில் ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

பிப்ரவரியில், இரண்டாவது சம்பளம் கைக்கு வந்த அதே வாரம், மொரீசியஸின் ரோஸ்ஹில் நகரத்தில் ஒரு எழுதுபொருள் கடையில் 24 சின்ன வெண்பலகைகள் வாங்கினேன். ஏ4 தாள் அளவு. ஒன்று 60 ரூபாய். அழித்து எழுதும் மார்க்கர் இரண்டு பெட்டி சேர்த்து இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆறு மாதம் ஆகிவிட்டது. என்னைப் போல முதல் வருடம் வகுப்பில் நிற்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

மொரீசியஸ் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடம். மொழிப் பாடவேளை மணி அடித்தால் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இந்திக்கு, உருதுக்கு, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலுக்கு, தமிழுக்கு என்று பிரிந்து போவார்கள். எனக்கென்று தனி அறை கிடையாது. தோளில் பையை மாட்டிக்கொண்டு அறை அறையாகப் போகிறேன். சுவரில் படம் ஒட்டி வைப்பது, மூலையில் புத்தக அலமாரி வைப்பது எல்லாம் எனக்கு வாய்க்காது. எது வாங்கினாலும் பைக்குள் அடங்க வேண்டும். 24 பலகையும் அடுக்கினால் ஒரு பெரிய அகராதி கனம் வரும், அவ்வளவுதான்.

வாங்கத் தூண்டியது ஒரு தாள். ஜனவரிக் கடைசியில் மூத்த ஆசிரியை ஒருவர் என் வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பாடம் நன்றாகப் போனதாகத்தான் நினைத்தேன். கேள்வி கேட்கக் கேட்கக் கை உயர்ந்தது, பதிலும் சரியாக வந்தது. முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். 22 பிள்ளைகளின் இருக்கையையும் கட்டம் கட்டமாக வரைந்து, யார் பதில் சொன்னார்களோ அந்தக் கட்டத்தில் கோடு போட்டிருந்தார். நான்கு கட்டங்களில் கோடுகள் குவிந்து கிடந்தன. 13 கட்டங்கள் வெறுமையாக இருந்தன. "கேட்டுட்டு மூச்சு விடுறதுக்குள்ள பேரைக் கூப்பிடுற, மிஸ்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று வினாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதில் சொல்கிறவர்கள் கூடுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். பயிற்சிக் காலத்தில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதியிருக்கிறேன். எழுதியது வேறு, செய்தது வேறு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பலகை வந்தபின் முறை இதுதான். நான் ஒரு சொல் சொல்வேன். எல்லோரும் எழுதுவார்கள். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு "காட்டு" என்பேன். ஒரே நொடியில் 22 பலகையும் மேலே வரும். யார் எழுதினார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும். இது இன்று கண்டுபிடித்த உத்தி இல்லை. பிரான்சின் லியோன் நகரத்து லா மார்த்தினியேர் பள்ளியில் 19ஆம் நூற்றாண்டிலேயே கற்பலகையை வைத்துக்கொண்டு இப்படிச் செய்தார்கள். இன்றும் பிரெஞ்சு ஆசிரியர்கள் இதை அந்தப் பள்ளியின் பெயராலேயே சொல்கிறார்கள். என் பாட்டி சிலேட்டும் பல்பமும் வைத்துப் படித்தவர். பலகையைக் காட்டியதும் "இது எங்க சிலேட்டுதானே, வெள்ளையா இருக்கு" என்றார். அதிலிருந்து நானும் வெள்ளைச் சிலேட்டு என்றே சொல்கிறேன்.

முதல் நாள் சொன்ன சொல் வாழையிலை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ஆனால் வாழையிலை தெரியாத பிள்ளை இங்கே இல்லை. காவடி முடிந்து கோயிலில் ஏழு கறியோடு சோறு போடுவது அதில்தான். பலகைகள் மேலே வந்தன. 'வாலையிலை' என்று ஒன்பது பேர், 'வாளையிலை' என்று ஐந்து பேர். மூன்று பேர் 'வா' மட்டும் எழுதியிருந்தார்கள். ஐந்து பேர்தான் சரி. கிரியோலில் இருப்பது ஒரே ஒரு லகரம். அந்தக் காதுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகத்தான் கேட்கும். கை தூக்கியவர்களை மட்டும் கேட்டிருந்தால் அந்த ஐந்து பேரில் ஒருவர் சொல்லியிருப்பார், நானும் "மிகச் சரி" என்று அடுத்த சொல்லுக்குப் போயிருப்பேன். ஜனவரி முழுக்க அப்படித்தானே போனேன்!

அன்று அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. பாடவேளை முழுவதும் ழ ஒன்றுதான். நாக்கை உள்ளே மடித்து, எங்கும் ஒட்டாமல் நிறுத்திச் சொல்லவைத்தேன். பிறகு எழுதவைத்தேன். இரண்டாம் முறை பலகை தூக்கியபோது 16 பேர் சரியாக எழுதியிருந்தார்கள். தவறாக எழுதியவர்கள் முகத்தில் வெட்கம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நோட்டில் சிவப்பு மையால் சுழித்தால் அது அங்கேயே நிற்கும். இங்கே கையால் ஒரு துடை, போய்விடும். எழுதவே பயந்த பிள்ளைகள் இதில் எழுதுகிறார்கள்.

இனி பொருளைப் பற்றி. பலகை இரண்டு வகையில் கிடைக்கிறது. நான் வாங்கியது பளபளப்பான பிளாஸ்டிக் மேற்பரப்பு உள்ள மலிவு வகை. மூன்றாம் மாதம் முதல் அழித்த எழுத்தின் நிழல் தங்க ஆரம்பித்தது. தண்ணீர் போட்டுத் தேய்த்தால் போகாது. அந்த நிழல்மேல் புது மார்க்கரால் எழுதி, ஈரம் காயுமுன் துடைத்தால் போய்விடும். புது மையில் இருக்கும் கரைப்பான் பழைய மையையும் இளக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பீங்கான் பூச்சு உள்ள எஃகுப் பலகையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் விலையும் கனமும் எனக்குக் கட்டாது.

உண்மையான செலவு மார்க்கரில்தான். முதல் பெட்டி தடித்த முனை. ஆங்கிலத்துக்கு அது போதும், தமிழுக்கு ஆகவே ஆகாது. ண, ன இரண்டின் சுழியும் அடைபட்டு ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும். பிள்ளை இரண்டு சுழி போட்டதா மூன்று போட்டதா என்று தெரியாமல் திருத்துவதில் பொருள் இல்லை. மெல்லிய முனை கேட்டு வாங்குங்கள். கறுப்பு மட்டும் வாங்குங்கள், சிவப்புதான் அதிகம் கறை விடுகிறது. மார்க்கரைப் படுக்கவைத்து வையுங்கள். மூடி 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தப் பழக்குங்கள். நான் அதைப் பழக்குமுன் ஒரே வாரத்தில் ஆறு மார்க்கர் காய்ந்து போயின. அழிப்பானுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வீட்டிலிருந்து ஒற்றைக் காலுறை கொண்டுவரச் சொன்னேன். மார்க்கரையும் அதற்குள்ளேயே போட்டு வைக்கிறார்கள்.

ஒரு குறைக்கு இன்னும் வழி தெரியவில்லை. இடது கைக்காரப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். எழுத எழுத அவள் கையே எழுத்தை அழித்துவிடுகிறது. பலகையைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம், பாதிதான் சரியானது. அவளுக்கு மட்டும் தாளும் பென்சிலும் கொடுக்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

திரை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். 2018 முதல் இங்கே சின்ன வகுப்புகளுக்கு டேப்லெட் வந்தது. ப்ரொஜெக்டர் உள்ள அறையில் பாடம் கிடைத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான்: ழ எழுதும்போது கோடு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று காட்டவும், தமிழ்நாட்டுக் குரலைக் கேட்கவைக்கவும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்பதை எனக்குக் காட்டியது இந்தப் பலகைதான். நவீன வகுப்பறை என்றால் மின்சாரத்தில் ஓடுவது என்று நினைத்துக்கொண்டு பயிற்சி முடித்து வந்தவள் நான்.

ஜூனில் ஒரு நாள் மறுபடி வாழையிலை கேட்டேன். கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் பையனின் பலகையில் 'இலை' வேறு மாதிரி இருந்தது. ல-வின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு. தவறு என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பத்து எண்ணும் பழக்கம் என்னை நிறுத்தியது. அது 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்துமுன் எல்லோரும் எழுதிய பழைய லை. "யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றேன். "தாத்தா, மிஸ். ராத்திரி சாப்பிட்டதும் எழுதுவோம்" என்றான். மூத்த ஆசிரியை கொடுத்த தாளில் அவன் கட்டம் வெறுமையாக இருந்த 13இல் ஒன்று. அவன் பலகையை வாங்கி எல்லோருக்கும் காட்டி, இரண்டு லையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவைத்தேன்.

மறுநாள் அவன் வீட்டிலிருந்து தாத்தா எழுதிக் கொடுத்த ஒரு தாள் வந்தது: பழைய ணை, லை, ளை, னை, வரிசையாக, நடுங்கும் கையெழுத்தில். அதைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பலகைகளுக்கு மேல் வைத்துத்தான் பையை மூடுகிறேன்.

கடையில் இன்னும் ஆறு பலகை சொல்லி வைத்திருக்கிறேன். மெல்லிய முனை, கறுப்பு மை.