ஈரமே அளவுகோல்: சுங்கை சிப்புட்டிலிருந்து நியூசிலாந்து வரை நடையும் கேம்பர் வேனும்

நியூசிலாந்தின் தென் தீவில் கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவதும், இடையிடையே வண்டியை நிறுத்திவிட்டு மூன்று நான்கு நாள் நடைப்பாதைகளில் இறங்குவதும் எனக்கும் என் மனைவிக்கும் பல ஆண்டுப் பழக்கம். எங்கள் ஊர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட். பால்மரத் தோட்டங்கள் சூழ்ந்திருந்து, இன்று பெரும்பாலும் செம்பனைக்கு மாறிவிட்ட ஊர். மலையேற்றப் பொருள்களைப் பற்றி நாம் படிக்கும் மதிப்புரைகளில் மிகப் பெரும்பாலானவை குளிர்நாட்டவர் எழுதியவை. பயணம் முடிந்ததும் அவர்கள் தங்கள் பொருள்களை உலர்ந்த, குளிர்ந்த அறையில் வைக்கிறார்கள். நாம் அடுத்த பயணம் வரை அவற்றை வெப்பமும் ஈரமும் ஓயாத வீட்டில் வைக்கிறோம். இந்த ஒரு வேறுபாட்டால் அவர்களுடைய பரிந்துரைகளில் பாதி நமக்குப் பொருந்தாமல் போகிறது என்பதே இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் நான் கண்டது. எங்களிடம் எது நிலைத்தது, எது அழிந்தது என்பதை ஈரமே தீர்மானித்தது.

முதலில் காலணி. தொடக்கத்தில் நாங்கள் வாங்கியவை கனமான தோல் பூட்ஸ்கள். அவற்றின் மிட்சோல், அதாவது அடித்தோலுக்கும் பாதத்துக்கும் நடுவிலுள்ள மெத்தை அடுக்கு, பாலியூரித்தேன் நுரையால் ஆனது. நடப்பதற்கு அவற்றைப் போல உறுதியான காலணி வேறில்லை. ஆனால் ஈப்போவுக்கு அருகிலுள்ள கிளேடாங் மலையில் பயிற்சிக்காக ஏறிக்கொண்டிருந்தபோது, தேய்மானமே தெரியாத என் பூட்ஸின் அடிப்பாகம் முன்பக்கத்திலிருந்து அப்படியே பிளந்து தொங்கியது. மறுவாரம் மற்றக் காலும் அவ்வாறே ஆனது. எங்கள் ஊரில் செருப்புத் தைக்கும் பெரியவர் அதை விரலால் நிமிண்டிப் பார்த்து, பசை விட்டுப்போகவில்லை, உள்ளேயிருக்கும் நுரையே மாவாகிவிட்டது, இதில் எதை வைத்து ஒட்டுவது என்று கேட்டார்.

அவர் சொன்னதே சரியான விளக்கம். பாலியூரித்தேனின் மூலக்கூறு இணைப்புகளைக் காற்றிலுள்ள நீராவி மெல்ல மெல்ல உடைக்கிறது. வெப்பம் கூடக் கூட அந்த வேலை விரைவடைகிறது. காலணியை அணிகிறோமா இல்லையா என்பதை அது பார்ப்பதில்லை. அணியாமல் பெட்டிக்குள் மூடிவைத்த காலணி விரைவில் சிதையும் என்றுகூடச் சொல்கிறார்கள். நடக்கும்போது ஏற்படும் அழுத்தம் நுரைக்குள் தங்கிய ஈரத்தை வெளியேற்றும் என்பது அதற்குக் காரணம். ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நம் ஊரில், விலையுயர்ந்த பூட்ஸை அடுத்த பயணத்துக்கென்று பத்திரப்படுத்துவது அதைக் கொல்வதற்குச் சமம். அதன்பின் நாங்கள் ஈவிஏ என்னும் நுரையால் ஆன மிட்சோல் கொண்ட இலகுவான காலணிக்கு மாறினோம். ஈவிஏ இவ்வாறு நீரால் சிதைவதில்லை. ஆனால் அது அழுந்தும். சில நூறு கிலோமீட்டருக்குப் பின் மெத்தைத்தன்மை குறைந்து, கல் பாதையில் பாதம் வலிக்கத் தொடங்கும். அந்தத் தேய்மானம் முன்கூட்டியே தெரிகிறது, ஆகையால் பயணத்துக்கு முன்பே காலணியை மாற்ற முடிகிறது. அடுத்த ஊருக்கு இரண்டு நாள் நடை இருக்கும் இடத்தில் அடிப்பாகம் கழன்று விழுவதைவிட இது எவ்வளவோ மேல். தோல் பூட்ஸ்தான் வேண்டும் என்பவர்கள், மிட்சோலை மாற்றித் தரும் வசதியுள்ள வகையை வாங்கி, வாரந்தோறும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையிலாவது அணிந்து நடக்க வேண்டும்.

கூடாரத்திலும் இதே கதைதான். பெரும்பாலான கூடாரத் துணிகளின் உட்புறத்தில் மழை புகாதிருக்கப் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் அது பிசுபிசுத்து, புளித்த வாந்தியைப் போல நாறத் தொடங்கும். கழுவினாலும் அந்த வாடை போகாது. சிலிக்கோன் பூச்சு கொண்ட நைலான் கூடாரத்துக்கு இந்தக் கேடு இல்லை. தையல்களை நாமே பசையிட்டு அடைக்க வேண்டியிருந்தாலும், வெப்ப நாட்டில் வைத்திருப்பதற்கு அதுவே தகுந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்லீப்பிங் பேக்கைப் பொறுத்தவரை வாத்தின் மென்னிறகு நிரப்பியதையே இன்றும் பயன்படுத்துகிறோம். அதை அதன் சிறு பைக்குள் திணித்து வைக்காமல், பெரிய பருத்திப் பையில் தளர்வாக இட்டு, புகைப்படக் கருவிகளுக்கு வைத்திருப்பது போன்ற டிரை கேபினெட், அதாவது ஈரம் நீக்கும் அலமாரி, வைக்க வீட்டில் இடமில்லாததால், ஈரமுறிஞ்சும் இயந்திரம் இயங்கும் சிற்றறையில் தொங்கவிடுகிறோம். அந்த இயந்திரத்தின் விலை ஒரு நல்ல காலணியின் விலையைவிடக் குறைவு. இத்தனை ஆண்டுகளில் நாங்கள் வாங்கிய மலையேற்றப் பொருள்களிலேயே அதிகம் பயன் தந்தது எதுவென்று கேட்டால், மலைக்கே வராத அந்த இயந்திரத்தைத்தான் சொல்வேன்.

அடுப்பில் பிரச்சினை ஈரமன்று, குளிர். வீட்டில் ஸ்டீம்போட்டுக்குப் பயன்படுத்தும் நீள டின்களில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அதன் கொதிநிலை ஏறக்குறைய 0 பாகை செல்சியஸ் என்பதால், உறைகுளிர்க் காலையில் திரவம் ஆவியாகாமல் சுடர் சுருங்கிவிடும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, மலையேற்றத்துக்கென்றே விற்கும் உருளைகள் அந்தக் குளிரிலும் எரிகின்றன. எந்த உருளையையும் விமானத்தில் கொண்டு செல்ல முடியாது. இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

இனி வேன். நடப்பவனுக்கு வேன் தருகிற மிகப் பெரிய நன்மை உலர்ந்த இடம். தென் தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபியோர்ட்லாந்துப் பகுதி உலகின் மிக ஈரமான நிலங்களில் ஒன்று. மில்ஃபர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தைப்பிங் மழையில் நனைந்து வளர்ந்த நமக்கு மழை புதிதன்று, ஆனால் அங்கே மழையோடு குளிரும் காற்றும் சேர்ந்து வரும்போது உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நம் ஊரில் கொர்பு மலைக்கு அணிந்து சென்ற பருத்திச் சட்டையை அங்கே அணியவே கூடாது. நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும் கம்பளிச் சட்டையே அங்கு நம்பத் தக்கது. மூன்று நாள் நனைந்து நடந்துவிட்டு வேனுக்குத் திரும்பி, டீசல் ஹீட்டரை இயக்கி, உலர்ந்த உடை மாற்றி, சூடான ரசத்தோடு சோறு உண்ண முடிகிறது என்பதாலேயே, எங்களைப் போன்ற ஐம்பதைத் தாண்டியவர்கள் மறுநாள் மீண்டும் நடக்க முடிகிறது.

ஆனால் வேனுக்குள்ளும் ஈரம் உண்டாகிறது, இதைப் பலர் சொல்வதில்லை. இருவர் உறங்கும் மூச்சே போதும். காலையில் கண்ணாடிகள் எல்லாம் நீர் வடிந்து, மெத்தையின் அடிப்புறம் நனைந்திருக்கும். உள்ளே சோறு வடித்தால் இன்னும் மோசம். எவ்வளவு குளிரானாலும் ஒரு சன்னலை விரற்கடை அளவு திறந்தே வைக்கிறோம், சமையலைக் கூடுமானவரை வெளியே செய்கிறோம், மூன்று நான்கு இரவுக்கு ஒருமுறை மின்னிணைப்பும் துணி உலர்த்தும் இயந்திரமும் உள்ள ஹாலிடே பார்க்கில் பணம் கொடுத்துத் தங்குகிறோம். அந்தச் செலவை வீண் என்று கருதி ஒதுக்க வேண்டாம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்குத் தற்சார்புச் சான்றிதழ், அதாவது கழிவை வெளியே விடாமல் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு என்னும் சான்று, உண்டா என்பதைப் படுக்கை அளவுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டும். முகாம் தளங்களுக்கு வெளியே தங்குவதை அங்கே 2011-ஆம் ஆண்டின் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. 2023-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, நிலையாகப் பொருத்தப்பட்ட கழிப்பறை உள்ள வண்டிக்கே அந்தச் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இருந்தாலும் உள்ளூர் மன்றங்கள் தடை செய்த இடங்களில் தங்க முடியாது. டீசல் வண்டி என்றால், எண்ணெய் நிலையத்தில் காணும் விலையோடு கணக்கு முடியாது. ஓடும் தூரத்துக்கேற்பச் சாலை வரி தனியாக உண்டு, வாடகை நிறுவனங்கள் அதைப் பின்னர் வசூலிக்கின்றன. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது பெரிய ஆறுதல், ஆயினும் ஒற்றைத் தட பாலங்களில் எந்தப் பக்கத்து வண்டிக்கு முதலுரிமை என்னும் பலகையைக் கூர்ந்து பார்க்கப் பழக வேண்டும்.

வேனோடு செல்பவர் பாதையையும் வேனுக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரூட்பர்ன் பாதை ஏறக்குறைய 32 கிலோமீட்டர்தான், ஆனால் அதன் இரு முனைகளுக்கும் இடையே சாலைவழி 300 கிலோமீட்டருக்கும் மேல். வண்டியை ஒரு முனையில் விட்டவர் மறு முனையில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு மாறாக, தெ அனாவ் ஊருக்கருகே தொடங்கி அங்கேயே முடியும் 60 கிலோமீட்டர் கெப்லர் சுற்றுப்பாதை, வேனில் வருபவர்களுக்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. 1,085 மீட்டர் உயரத்திலுள்ள, நடப்பவர்கள் இரவு தங்கும் லக்ஸ்மோர் குடிலை முதல் நாளே அடைந்துவிடலாம். மறுநாள் மரங்களே இல்லாத முகட்டில் நடக்கும்போது இருபுறமும் ஏரிகள் தெரியும். பருவகாலத்தில் குடில்களில் எரிவாயு அடுப்பு இருக்கும், பாத்திரங்களை நாம்தான் சுமக்க வேண்டும். இரவில் காலணிகளைக் குடிலுக்கு வெளியே வைக்கக் கூடாது: கியா என்னும் மலைக்கிளி அவற்றைக் கொத்திக் குதறிவிடும், வேனின் ரப்பர் பட்டைகளையும் அது விடுவதில்லை.

தோட்டத்துச் செம்மண்ணில் பயிற்சி செய்யும் நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. பயன்படுத்திய காலணியையும் கூடாரத்தையும் நியூசிலாந்தில் இறங்கும் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அதிகாரிகள் காலணியின் அடிப்பள்ளங்களில் மண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். புறப்படும் வாரத்தில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் படாமல் காற்றில் முழுவதும் உலர்த்துகிறோம். உணவுப் பொருள்களும் அப்படியே. சாம்பார்ப் பொடி, பருப்புப்பொடி எதுவானாலும் முத்திரையிட்ட கடைப் பொட்டலமாக எடுத்துச் சென்று அறிவித்துவிட்டால் அச்சமில்லை, அறிவிக்காமல் சிக்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

பாதைகளின் பருவகாலம் அக்டோபர் இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரை. புகழ்பெற்ற பாதைகளில் குடில் இடங்கள் முன்பதிவு திறந்த சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுவதுண்டு. ஆகவே முதலில் குடில், அதன் தேதிக்கேற்ப வேன், கடைசியாக விமானச் சீட்டு என்ற வரிசையில் பதிவு செய்வதே நல்லது. வேனும் விமானமும் ஒரு வாரம் முன்பின் நகரும், குடில் நகராது.